கல்விக்கடன் பாடம் கையொப்பத்துக்கு முன்பே தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மாணவர்களின் கடன்சுமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழி இளைஞர்களின் செலவுப் பழக்கத்தின் மேலேயே விழுகிறது. புதுக் கைப்பேசி, தவணையில் வாங்கிய உடை, நண்பர்களோடு போன சுற்றுலா என்று பட்டியல் நீள்கிறது. இதில் உண்மை அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாணவரின் வாழ்வில் மிகப் பெரிய கடன் கடைத்தெருவில் வாங்கப்படுவதில்லை. பதினேழு பதினெட்டு வயதிலோ, இளநிலைப் பட்டம் முடித்த கையோடோ, சேர்க்கைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், கடைசித் தேதி நெருங்கும் அவசரத்தில், பெற்றோரின் ஜாமீனோடு சில கையொப்பங்களில் முடிந்துவிடும் கடன் அது. அதன் விதிகளை அந்த மாணவருக்கு விளக்கிச் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் கடனைக் கொடுப்பவராகவோ, சேர்க்கை நடந்தால் தரகு பெறுபவராகவோ இருக்கிறார். பணம் பற்றிய கல்வி அந்தக் கையொப்பத்துக்கு முன்பே வர வேண்டும் என்பதையும், உள்நாட்டு மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிப் பயனில்லை என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நிதியறிவு என்றதும் ஆய்வாளர்கள் எடுத்து நீட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. பொருளியல் அறிஞர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் ஓர் ஆய்வுக்காக வகுத்த மூன்று கேள்விகள் அவை. நூறு டாலரை ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டியில் விட்டால் ஐந்து ஆண்டில் 102 டாலருக்கு மேல் இருக்குமா என்பது முதல் கேள்வி. வட்டி 1 விழுக்காடும் விலைவாசி உயர்வு 2 விழுக்காடும் ஆனால் ஓராண்டுக்குப் பின் அந்தப் பணத்தில் கூடுதலாக வாங்க முடியுமா, குறைவாகவா என்பது இரண்டாவது. ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்குவது, பல நிறுவனப் பங்குகளில் பணத்தைப் பிரித்துப்போடும் பரஸ்பர நிதியில் போடுவதைவிடப் பாதுகாப்பானதா என்பது மூன்றாவது. பல நாடுகளிலும் இக்கேள்விகள் கேட்கப்பட்டு வருகின்றன. பட்டதாரிகளிலும் மூன்றுக்கும் சரியாக விடை சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். கேள்விகள் நல்லவைதாம். ஆனால் மூன்றுமே சேமிப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கப் போகும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை வேறு: வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது, கட்டாத வட்டி எப்போது அசலோடு சேர்கிறது, வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும், ஜாமீன் கொடுத்தவரின் வீட்டுக்கு எப்போது கடிதம் வரும். இவற்றை எந்த நுழைவுத் தேர்வும் கேட்பதில்லை.

பாடம் நடத்தினால் பழக்கம் மாறிவிடுமா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நிதிக்கல்வி வகுப்புகள் மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டையே விளக்குகின்றன என்றும், கற்றது நாளடைவில் தேய்ந்துவிடுகிறது என்றும் கூறியது. 76 பரிசோதனை ஆய்வுகளை எடுத்துக்கொண்டு 2022-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வோ, பலன் உண்டு என்றே முடிவு கூறியது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது முதல் ஆய்வு முன்வைத்த யோசனைதான்: முடிவெடுக்கும் வேளையை ஒட்டிச் சொல்லப்படும் பாடம் தங்கும். முதலாண்டு வரவேற்பு வாரத்தில், நூலகச் சுற்றுலாவுக்கும் விளையாட்டு மன்ற அறிமுகத்துக்கும் நடுவில் நடத்தப்படும் அரைமணி நேரச் சொற்பொழிவு தங்காது. அதற்குள் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருக்கும்.

இனி உள்நாட்டு மாணவரின் நிலை. இவருக்குப் பல நாடுகளில் அரசே கடன் கொடுக்கிறது. அந்தக் கடன் சந்தைக் கடனைப் போல நடந்துகொள்வதில்லை. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலோ அதற்குப் பின்போ படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டும்போதுதான், தாண்டிய தொகையில் 9 விழுக்காட்டைக் கட்டுகிறார்கள். 40 ஆண்டுகளில் தீராத பாக்கி தள்ளுபடியாகிறது. ஆஸ்திரேலியாவில் 1989-இல் தொடங்கிய முறையில் வட்டி கிடையாது, ஆனால் கடன் ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு உயரும். 2023-இல் அந்த உயர்வு 7.1 விழுக்காடாக வந்தபோது, வட்டியில்லாக் கடன் என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். பிறகு அரசு சட்டத்தைத் திருத்தி, விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் குறைவானதே பொருந்தும் என்று அந்த ஆண்டுக்கும் சேர்த்து மாற்றியது. ஜெர்மனியில் அரசு உதவியின் பாதி மானியம், மறுபாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்ட வேண்டியதற்கு 10,010 யூரோ உச்சவரம்பு உண்டு. கனடா தன் கூட்டரசு மாணவர் கடனுக்கான வட்டியை 2023 ஏப்ரலிலிருந்து நீக்கிவிட்டது. அமெரிக்கா மட்டும் இதில் கடுமையாக நிற்கிறது. அங்கே ஒருவகைக் கூட்டரசுக் கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும். மற்றொரு வகைக்கு, பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டும் ஒரே உதவிக் கடிதத்தில் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. வேறுபாடு தெரியாமலே ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு.

அரசுக் கடன் மென்மையானது என்பதால் விளையும் தீமை ஒன்றை யாரும் பேசுவதில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கும் கடன் கேட்காமலே கிடைத்து, கட்டாமலே ஆண்டுகள் ஓடி, சம்பளத்திலிருந்து தானே பிடிக்கப்படும் கடனாக இருந்தால், கடன் என்றாலே இப்படித்தான் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடுதான் அவர் கடன் அட்டையிடம் போகிறார். கணக்கைச் சொல்கிறேன். அட்டையில் 10,000 பாக்கி, மாதம் 2 விழுக்காடு வட்டி, பாக்கியில் 3 விழுக்காடு குறைந்தபட்சத் தொகை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு காசும் செலவிடாமல், மாதந்தவறாமல் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால், கடன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு ஆகும். அதற்குள் அவர் கட்டியிருக்கும் தொகை 14,000-க்கு மேல். அப்போதும் 5,000 பாக்கி நிற்கும். ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று அவர் சொல்வது பொய்யல்ல. அந்த ஒழுங்கைத்தான் அட்டை நிறுவனம் எதிர்பார்க்கிறது.

அமெரிக்கா 2009-இல் இயற்றிய கடன் அட்டைச் சட்டம் இதைப் புரிந்துகொண்ட சட்டம். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை மாதாந்திரப் பட்டியலிலேயே அச்சிடச் சொன்னது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சொந்த வருமானத்தையோ உடன் கையொப்பமிடுபவரையோ காட்டினால் மட்டுமே அட்டை என்றது. கல்லூரி வளாகத்திலும் அதன் அருகிலும் பரிசுப் பொருள் கொடுத்து விண்ணப்பம் வாங்குவதைத் தடுத்தது. மாணவர்களுக்கு வகுப்பெடுப்பதைவிட இது பயனுள்ள வேலை என்பது என் கருத்து. ஆனால் விற்பவர் வளாக வாயிலை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டார். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்னும் செயலிகள் வட்டியே இல்லை என்கின்றன. 100 விலையுள்ள பொருளுக்கு நான்கு தவணை. ஒவ்வொரு தவணையும் 25. ஒரு தவணை இரண்டு வாரம் தாமதமாகி அதற்கு 8 அபராதம் விழுந்தால், ஆண்டுக் கணக்கில் அது 800 விழுக்காட்டைத் தாண்டும் வட்டி. இப்படிப்பட்ட தவணைகள் ஐந்தாறு செயலிகளில் சிதறிக் கிடக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று மாணவருக்கே தெரிவதில்லை. ஆஸ்திரேலியா இவற்றை 2025 ஜூனிலிருந்து கடன் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. மற்ற நாடுகளும் காலந்தாழ்த்தாமல் செய்வது நல்லது.

வெளிநாட்டு மாணவரின் கடனோ இவை எவற்றோடும் சேராதது; அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மேலே சொன்ன சலுகைகளில் பெரும்பாலானவை அவருக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் அரசுக் கடன் திட்டமும், அமெரிக்காவின் கூட்டரசுக் கடனும் மாணவர் விசாவில் வருபவருக்குக் கிடைப்பதில்லை. அவர் கடன் வாங்குவது தாய்நாட்டில். பெற்றோரின் வீடோ நிலமோ பிணையாக வைக்கப்படுவதும் உண்டு. அந்தக் கடனைப் பற்றி அவர் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அது முற்படுவதில்லை. கட்டணம் வந்ததா என்பதோடு அதன் அக்கறை முடிகிறது.

இந்தக் கடன் எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 100 கடன். பாதி தொடக்கத்திலும் பாதி ஓராண்டு கழித்தும் கொடுக்கப்படுகிறது. வட்டி 10 விழுக்காடு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுமுறை. இந்தியாவின் முன்மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இருப்பதைப் போல விடுமுறைக் காலத்துக்குத் தனிவட்டி மட்டுமே கணக்கிட்டாலும், முதல் தவணை கட்டும் நாளில் கடன் 125 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் கட்டினால் மொத்தம் 198 கட்டுவார். மாதச் சுமை தாளவில்லை என்று பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது, மொத்தமோ 242-ஆக உயரும். விடுமுறை என்ற பெயரில் ஓய்வது தவணை மட்டுமே. வட்டி ஒரு நாளும் ஓய்வதில்லை. படிக்கும் காலத்திலும் அதன்பின் வரும் விடுமுறை ஆண்டிலும் வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவந்தால் அந்த 25 சேர்ந்திருக்காது, சில வங்கிகள் அதற்காக வட்டி விகிதத்தையும் சற்றுக் குறைக்கின்றன என்பதைக் கையொப்பமிடும் நாளில் சொல்லக் கேட்ட குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

அடுத்தது நாணய மாற்று. கடன் ஒரு நாணயத்தில் அனுமதிக்கப்படுகிறது, கட்டணம் வேறொரு நாணயத்தில் கேட்கப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் தாய்நாட்டு நாணயம் 10 விழுக்காடு மதிப்பிழந்தால், கல்லூரி ஒரு காசுகூட உயர்த்தாவிட்டாலும் இறுதியாண்டுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு துண்டு விழும். பெரும்பாலும் கட்டணமும் உயரவே செய்கிறது. அந்தத் துண்டை நிரப்பத்தான் நண்பரிடம் கைமாற்று, கடன் அட்டை, ஊரில் அதிக வட்டிக்கு இரண்டாம் கடன் என்று தொடங்குகிறது. படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தால் இதே மதிப்பிழப்பு அவருக்குச் சாதகமாகத் திரும்பும், ஏனெனில் ஈட்டும் நாணயம் வலுத்து, கட்ட வேண்டிய நாணயம் மெலிந்திருக்கும். வேலை கிடைக்காமல் திரும்பினாலோ அந்தச் சாதகம் இல்லை. கடன் மட்டும் முழுதாக நிற்கும். ஆக, வெளிநாட்டுப் படிப்புக்காக வாங்கும் கடன், படிப்பின்மேல் மட்டுமல்ல, அந்த நாட்டின் குடியேற்ற விதிகளின்மேலும் நாணயச் சந்தையின்மேலும் ஒரு குடும்பம் தன் வீட்டை வைத்து ஆடும் பந்தயம். இதை யாரும் அந்தக் குடும்பத்திடம் இப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை.

பகுதிநேர வேலையில் சமாளித்துக்கொள்ளலாம் என்பது பரவலான நம்பிக்கை. விதிகளைப் பாருங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம்; கனடாவில் வளாகத்துக்கு வெளியே 2024 நவம்பரிலிருந்து வாரம் 24 மணி நேரம்; ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த நேரத்துக்குள் அன்றாடச் செலவின் ஒரு பகுதியை ஈட்டலாம். கட்டணத்தை ஈட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர் வரம்பை மீறித்தான் ஈட்ட வேண்டும். அப்படி மீறி வேலை செய்பவர் தன் சம்பளத்தை முதலாளி குறைத்துக் கொடுத்தாலும் புகார் செய்ய அஞ்சுவார், ஏனெனில் புகாரே அவர் விசாவுக்கு ஆபத்தாகலாம். கடன் நெருக்கடி இப்படித்தான் உழைப்புச் சுரண்டலாக மாறுகிறது.

நாடுகள் இதை அறியாமல் இல்லை. அதனால்தான் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. கனடா பல ஆண்டுகளாக 10,000 டாலராக இருந்த வரம்பை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ என்று கணக்கிட்டு, மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறது. ஜெர்மனியின் முறை எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே பணம் உண்மையாகவே மாணவரோடு வந்து சேர்கிறது. வங்கி இருப்பைக் காட்டினாலே போதும் என்னும் முறைகளில், காட்டுவதற்காகவே சில வாரங்களுக்குக் கைமாற்று வாங்கி, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த மாணவர் தாளில் வசதியானவர். விமானத்தை விட்டு இறங்கும்போது வாடகை முன்பணத்துக்கே வழியில்லாதவர்.

புதிய நாட்டில் அவருக்குக் கடன் வரலாறும் இல்லை. சொந்த நாட்டில் எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்தப் பதிவு பெரும்பாலும் எல்லை தாண்டி வருவதில்லை. ஆகவே வீடு பிடிக்கக் கூடுதல் முன்பணம், கைப்பேசி இணைப்புக்கு வைப்புத்தொகை என்று முதல் மாதங்களின் செலவு கணித்ததைவிட அதிகமாகிறது. பணம் தீர்ந்து தவிக்கும் அந்த மாதங்களில்தான் "உன் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடு, தரகு தருகிறேன்" என்று அணுகுகிறவர்கள் வருகிறார்கள். மாணவருக்கு அது சிறு உதவியாகத் தெரிகிறது. சட்டத்தின் கண்ணில் அது கறுப்புப் பணத்தை வெளுக்கும் குற்றம். பிரிட்டனில் அதற்கு உச்சபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. வழக்கு வராவிட்டாலும் கணக்கு மூடப்படும், அடுத்த வங்கியில் கணக்குத் திறப்பதும் அரிதாகும். நிதியறிவு வகுப்பு ஒன்றே ஒன்றுதான் நடத்த முடியும் என்றால், வெளிநாட்டு மாணவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பங்குச் சந்தையை அல்ல.

இத்தனைக்கும் மேலே வெட்கம் ஒன்று இருக்கிறது. வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோரிடம், இங்கே பணம் போதவில்லை என்று தொலைபேசியில் சொல்ல மாணவருக்கு வாய் வருவதில்லை. பெற்றோரும் தவணை கட்ட என்ன பாடு படுகிறோம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்கிறார்கள். இரு பக்கமும் அன்பினால் மறைப்பதால், கடன் முற்றிய பிறகே உண்மை வெளிவருகிறது. பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் அவசர உதவி நிதிக்கு வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. விண்ணப்பிக்கலாம் என்ற இடத்திலும், விசா பெறும்போது பணம் இருக்கிறது என்று உறுதியளித்தவர் இப்போது இல்லை என்று எப்படிச் சொல்வது என அஞ்சி ஒதுங்குகிறார்கள். உதவி கேட்பதால் விசா பாதிக்கப்படுமா, படாதா என்பதை ஒரே வரியில் தெளிவாக எழுதி வைக்கலாம். அதைக்கூடப் பல இடங்களில் காணோம்.

செய்யக்கூடியது என்ன? அமெரிக்காவில் கூட்டரசுக் கடனை முதன்முறை வாங்கும் மாணவர், பணம் வெளிவருவதற்கு முன் கடன் பற்றிய ஆலோசனைப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும். படிப்பை முடிக்கும்போது இன்னொன்று. அவை கணினித் திரையில் கடகடவென்று அழுத்திக் கடந்துபோகும் சடங்காகிவிட்டன என்ற குறை நியாயமானதே. ஆயினும் வேளையைப் பொறுத்தமட்டில் அந்த ஏற்பாடு சரியானது. வெளிநாட்டு மாணவருக்கு அந்தச் சடங்குகூட இல்லை. சேர்க்கைக் கடிதத்தோடு, முதல் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே, ஒரே பக்கத்தில் பல்கலைக்கழகம் சில விவரங்களை எழுதித் தர வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தலாம். படிப்பு முழுமைக்குமான கட்டணம், ஆண்டுதோறும் அது உயரக்கூடிய வரம்பு, அந்த நகரில் மாணவர் தங்க உண்மையில் ஆகும் செலவு, விதிக்குட்பட்ட நேரத்தில் குறைந்தபட்ச ஊதியத்தில் ஈட்டக்கூடிய தொகை, இடையில் விலகினால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு, அதே பாடப்பிரிவில் முன்பு படித்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குத் துறைசார்ந்த வேலை கிடைத்தது, சேர்க்கைக்காக முகவருக்குத் தரும் தரகு எவ்வளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் வெளிவருவதைப் பல்கலைக்கழகங்கள் விரும்பமாட்டா. விவரம் தெரிந்தால் மாணவர்கள் பயந்துவிடுவார்கள், சேர்க்கை குறையும் என்பார்கள். விவரம் தெரிந்ததனால் விலகிப்போகும் மாணவர், விவரம் தெரியாமல் வந்திருந்தால் நடுவில் விலகியிருக்கக் கூடியவர். அவருடைய கட்டணத்தை நம்பி ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறதென்றால், நிதியறிவு யாருக்குத் தேவை என்பதையும் கேட்க வேண்டியிருக்கும்.

வங்கிகளும் தங்கள் பங்குக்கு, கடன் அனுமதிக் கடிதத்தில் வட்டி விகிதத்தோடு நின்றுவிடாமல், விடுமுறைக் காலம் முடியும் நாளில் நிற்கப்போகும் கடன் தொகை, அப்போதைய மாதத் தவணை, அந்தத் தவணையைத் தாங்கத் தேவையான சம்பளம் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் கணக்குதான் இது. வெளியே காட்ட மனமிருந்தால் போதும். நாணய மதிப்பு 10 விழுக்காடு சரிந்தால் எவ்வளவு துண்டு விழும் என்ற வரியையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் எந்த நாட்டில் எந்தப் பாடப்பிரிவு, தரவரிசை என்ன, உதவித்தொகை எது என்று நாளிதழ்களில் சிறப்புப் பக்கங்கள் வருகின்றன. அவற்றைச் சுற்றி முகவர்களின் விளம்பரங்களும் வருகின்றன. அப்பக்கங்களில் ஒன்றையாவது கல்விக்கடன் ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு ஒதுக்குங்கள். வங்கித்துறையில் அனுபவமுள்ள, ஆனால் எந்த வங்கியின் சார்பிலும் பேசாத ஒருவரைக் கொண்டு, வாசகர்கள் பெயர் நீக்கி அனுப்பும் உண்மையான ஒப்பந்தங்களை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். சேர்க்கை முடிந்தபின் அல்லாமல், விண்ணப்பங்கள் தொடங்கும் மாதத்திலேயே அது வெளிவருமாறு பார்த்துக்கொண்டால் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்